சாங்கியில் ஒரு பழைய பாய்மரப் படகு: எதை முதலில் தொடுவது?

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான். நண்பர்கள் மூவர் சேர்ந்து 1984இல் கட்டிய 28 அடி ஃபைபர்கிளாஸ் பாய்மரப் படகு ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். சிங்கப்பூரின் சாங்கியில், கடலில் மிதவை ஒன்றில் கட்டிக் கிடக்கிறது. உள்ளே ஒற்றைச் சிலிண்டர் யன்மார் டீசல் எஞ்சின். மூவருக்கும் வேலை, குடும்பம். வார இறுதியில்தான் கை வைக்க முடியும். சோலார் பேனல், புதுப் பாய், கேபினுக்குப் பெயின்ட், தேக்குக்கு எண்ணெய், கடைசியில் பாட்டுக் கேட்க ஸ்பீக்கர். இந்த வரிசையில் போகலாமா, எதையெல்லாம் நாமே செய்யலாம் என்று கேட்கிறீர்கள்.

வரிசையைக் கொஞ்சம் கலைத்துப் போடலாம். ஏன் என்று சொல்கிறேன்.

என் பெரியப்பா சிங்கப்பூர் ஆற்றில் தொங்கானில், அதாவது சரக்குத் தோணியில், வேலை பார்த்தவர். 1983இல் தொங்கான்களை ஆற்றிலிருந்து பாசிர் பாஞ்சாங்குக்கு மாற்றும்வரை அங்கேதான் இருந்தார். அவர் சொன்ன ஒன்று எனக்கு வெகு நாள் கழித்துத்தான் விளங்கியது. தொங்கானில் எப்போதும் ஆள் இருக்கும். பலகை இடுக்கில் நீர் கசிந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும், அன்றைக்கே இடுக்கை அடைத்துக் கலப்பற்று அடித்துவிடுவார்கள். உங்கள் படகில் வாரத்தில் ஆறு நாள் ஆள் கிடையாது. அந்த ஆறு நாளும் வெயில், மழை, உப்பு, இடி எல்லாம் வேலை செய்துகொண்டிருக்கும். நானும் 17 வருஷம் 26 அடிப் படகு வைத்திருந்தேன். ஓட்டியதால் கெட்டது கொஞ்சம், கட்டிப்போட்டதால் கெட்டதுதான் மிச்சம். ஆகவே நீங்கள் இல்லாதபோது படகைக் காப்பாற்றும் வேலைகள் முதலில். நீங்கள் இருக்கும்போது சுகம் தரும் வேலைகள் பிறகு.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். படகுப் பராமரிப்பு பற்றிக் கிடைக்கும் கையேடுகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. குளிர்காலத்தில் படகைக் கரையேற்றி, மூடி, வசந்தத்தில் திறப்பார்கள். நமக்கு அந்த இடைவேளையே இல்லை. கடல்நீர் வருஷம் முழுக்க 27 முதல் 31 டிகிரி. ‘ஆண்டுக்கு ஒருமுறை’ என்று அவர்கள் எழுதியிருந்தால் ‘ஆறு மாதத்துக்கு ஒருமுறை’ என்று படித்துக்கொள்ளுங்கள்.

முதல் எதிரி மேலே இருந்து வருகிறது. இங்கே சராசரி ஆண்டு மழை சுமார் 2,100 மில்லிமீட்டர். உங்கள் படகின் மேல்தளம், அதாவது டெக், ஏறக்குறைய 16 சதுர மீட்டர் இருக்கும். கணக்குப் போட்டால் ஆண்டுக்கு முப்பது டன்னுக்கு மேல் நன்னீர் அதன்மேல் கொட்டுகிறது. அந்தக் காலத்து டெக் பெரும்பாலும் இரண்டு ஃபைபர்கிளாஸ் தகடுகளுக்கு நடுவே பால்சா மரத்தை வைத்துக் கட்டியது. டெக்கில் போல்ட் போட்ட ஒவ்வொரு இடமும் அந்த மரத்துக்கு ஒரு வாசல். நாற்பது வருஷத்தில் போல்ட்டைச் சுற்றி அடைத்த பூச்சு காய்ந்து வெடித்திருக்கும். நீர் உள்ளே இறங்கி மரம் ஊறும், அழுகும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

தெரிந்துகொள்ளும் வழி எளிது. பிளாஸ்டிக் பிடியுள்ள ஸ்குரூ டிரைவரைத் திருப்பிப் பிடித்து, டெக் முழுக்கச் சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். பலாப்பழம் தட்டிப் பார்ப்பது மாதிரிதான். நல்ல இடம் ‘டக்’ என்று கூர்மையாகச் சொல்லும். ஊறிய இடம் ‘தொப்’ என்று அமுங்கிச் சொல்லும். தொப் கேட்ட இடத்தையெல்லாம் சாக்கட்டியால் வட்டம் போட்டுப் படம் எடுத்துவையுங்கள். ஓரக் கம்பித்தூண்களின் அடி, பாய்மரத்தின் அடி, பக்கக் கம்பிகளைப் பிடிக்கும் பட்டைகள் டெக்கைத் துளைத்து இறங்கும் இடம், இந்த மூன்றிலும் வட்டம் விழ வாய்ப்பு அதிகம்.

ஒரு தூணைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே ஒருவர் நட்டைத் திருப்ப, மேலே ஒருவர் போல்ட்டை அசையாமல் பிடிக்க வேண்டும். அடித்தட்டு விடுபட்டதும் ஓட்டைக்குள் டார்ச் அடியுங்கள். மரம் வைக்கோல் நிறத்தில் காய்ந்திருந்தால் தப்பித்தீர்கள். காப்பித்தூள் போல் கறுத்துப் பிசுபிசுத்தால், நுனி வளைத்த ஆணி ஒன்றை டிரில்லில் மாட்டி, மேல்தகட்டையும் கீழ்த்தகட்டையும் தொடாமல் நடுமரத்தை மட்டும் சுற்றிலும் ஒரு விரற்கடை சுரண்டி எடுங்கள். காயவிடுங்கள். கீழே டேப் ஒட்டி, கெட்டியாக்கிய எபாக்சியால் (ஹார்டனர் கலந்தால் இறுகும் பிசின்) அந்தக் குழியை நிரப்புங்கள். இறுகியதும் அதன் நடுவில் போல்ட் அளவுக்குப் புதிதாகத் துளையுங்கள். இனி நீர் கசிந்தாலும் மரத்தைத் தொடாது. துளையின் வாயைக் கொஞ்சம் சரித்துச் செதுக்கி, போல்ட் கழுத்தில் பியூட்டைல் டேப்பை (ஒட்டும் ரப்பர் நாடா) கூம்பு மாதிரி சுற்றி இறக்குங்கள். நட்டை ஒரே நாளில் முறுக்கி முடிக்காமல் அன்றைக்குக் கொஞ்சம், அடுத்த வாரம் கொஞ்சம் என்று இறுக்குங்கள். டேப் மெதுவாகப் பிதுங்கி ஓரமெல்லாம் அடையும். அடுக்குமாடி புளோக் அடியில் இருக்கும் கடையில் குளியலறைக்கு விற்கும் சிலிக்கோனை மட்டும் இங்கே கொண்டுவராதீர்கள். அது பிடிக்கவும் பிடிக்காது, பிறகு வேறெதையும் அந்த இடத்தில் பிடிக்கவும் விடாது.

எபாக்சி பற்றி ஓர் எச்சரிக்கை. முதல் தடவை நான் வேகமாக இறுகும் ஹார்டனரை வாங்கி, பகல் பதினொரு மணிக்கு, தயிர் டப்பா ஒன்றில் முக்கால் டப்பா கலந்தேன். தூண்வரை நடப்பதற்குள் டப்பா சூடேறி, புகைந்து, அடி உருகி என் கையில் மிச்சமிருந்தது விளிம்பு மட்டும். எபாக்சி இறுகும்போதே வெப்பம் விடும். குவியலாக இருந்தால் அந்த வெப்பம் வெளியேற வழியில்லை. வெஸ்ட் சிஸ்டம் என்ற பிராண்டு வாங்கினால், வேகமாக இறுகும் 205 எண் ஹார்டனர் வேண்டாம், மெதுவான 206 பரவாயில்லை, இன்னும் மெதுவான 209தான் நம் வெயிலுக்கு. கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, உடனே அகலமான தட்டில் பரப்பிவிடுங்கள். காலை ஏழரைக்கே தொடங்குங்கள். ஈரக்காற்றில் இறுகிய எபாக்சியின்மேல் மெழுகு போல ஒரு படலம் வரும். அடுத்த பூச்சுக்கு முன் தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் நாரும் கொண்டு அதைக் கழுவுங்கள். கழுவாமல் உப்புத்தாள் போட்டால் அழுக்கை உள்ளே தேய்ப்பதுதான் நடக்கும்.

இனிக் கீழே. படகின் அடியில் இருக்கும் ஓட்டைகளை எண்ணிவிட்டீர்களா? எஞ்சினுக்குக் கடல்நீர் வரும் வழி, கழிவறைக்கு இரண்டு, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு ஒன்று, காக்பிட் (ஓட்டுபவர் உட்காரும் திறந்த பள்ளம்) வடிகால்கள் இரண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு வால்வு. யார்டில் சீகாக் என்பார்கள். 38 மில்லிமீட்டர் குழாய் ஒன்று, நீர்மட்டத்துக்கு அரை மீட்டர் கீழே கழன்றால் நிமிடத்துக்கு நூறு லிட்டருக்கு மேல் உள்ளே வரும். மணிக்கு 500 கேலன் என்று பெட்டியில் போட்டு விற்கிற சின்ன பில்ஜ் பம்ப் (படகின் அடியில் சேரும் நீரை இறைப்பது) முழு வேகத்தில் ஓடினாலும் நிமிடத்துக்கு முப்பது லிட்டரைச் சற்றே தாண்டும். ஆகவே பம்பை நம்பி வால்வை விட்டுவிட முடியாது.

ஒவ்வொரு வால்வையும் திறந்து மூடிப் பாருங்கள். அசையவில்லை என்றால், படகு தண்ணீரில் இருக்கும்போது நீளக் குழாய் மாட்டி நெம்பாதீர்கள். குறித்துவைத்து, அடுத்த முறை கரையேற்றும்போது மாற்றுங்கள். வெண்கலமா பித்தளையா என்பதும் முக்கியம். பித்தளையிலிருந்து துத்தநாகம் கடல்நீரில் கரைந்து போய்விடும். சுரண்டினால் மஞ்சள் தெரியாமல் இளஞ்சிவப்புத் தெரிந்தால் அது உள்ளே சல்லடையாகிவிட்டது. ஒவ்வொரு வால்வின் பக்கத்திலும் அந்தத் துளைக்குப் பொருந்தும் கூம்பு வடிவ மென்மரக் கட்டை ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். இருட்டில் தேடக்கூடாது. குழாய்க்கு இரண்டு கிளாம்ப். இரண்டும் உப்பு தாங்கும் 316 ரக ஸ்டெயின்லெஸ். படகை விட்டு இறங்கும்போது காக்பிட் வடிகால் தவிர மற்ற எல்லாவற்றையும் மூடிவிட்டு இறங்குங்கள்.

வடிகால் என்றதும் என் அவமானம் ஒன்று ஞாபகம் வருகிறது. ஒரு டிசம்பர், வடகிழக்குப் பருவமழை விடாமல் நான்கு நாள். ஐந்தாம் நாள் போய்ப் பார்த்தால் காக்பிட் தொட்டியாக நிற்கிறது. பெட்டி மூடிகளின் இடுக்கு வழியாக நீர் உள்ளே இறங்கி எஞ்சின் பாதி மூழ்கிவிட்டது. பேட்டரி தீர்ந்து பம்ப் நின்றிருந்தது. வடிகாலை அடைத்திருந்தது என்ன தெரியுமா? ஒரு மிட்டாய்த் தாள். முந்தின ஞாயிறு என் மகனே போட்டது.

அதனால்தான் உங்கள் சோலார் ஆசையை நான் தள்ளவில்லை. மிதவையில் கரை மின்சாரம் கிடையாது. ஐம்பது வாட் பேனல் ஒன்று, ஒரு சார்ஜ் கன்ட்ரோலர், நீர் ஏறினால் தானே இயங்கும் மிதவை சுவிட்ச் வைத்த பம்ப், போதும். பம்புக்குப் போகும் வயர் பிரதான சுவிட்ச் வழியாகப் போகக்கூடாது. நேரே பேட்டரியிலிருந்து, பக்கத்திலேயே ஃபியூஸ் வைத்து. அப்போதுதான் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு நீங்கள் வீட்டுக்குப் போன பிறகும் அது விழித்திருக்கும். குளிர்சாதனப் பெட்டிக்கு நூறு நூறு வாட்டாகக் கூட்டுவது பிறகு பார்க்கலாம். மின்வயர் வாங்கும்போது ஈயம் பூசிய செம்பு இழையா என்று கேட்டு வாங்குங்கள். சிம் லிம் டவரில் கனெக்டர், ஃபியூஸ் எல்லாம் கிடைக்கும். சாதாரணச் செம்பு வயர் நம் உப்புக்காற்றில் இரண்டே வருஷத்தில் உறைக்குள்ளேயே கறுத்துவிடும். பழைய விளக்குகளை எல்இடியாக மாற்றுங்கள், அதைவிட மலிவான முன்னேற்றம் இல்லை. லித்தியம் பேட்டரி இப்போது வேண்டாம். அதற்கு ஏற்றபடி ஆல்டர்னேட்டர், சார்ஜர் ஏற்பாட்டையும் மாற்ற வேண்டியிருக்கும். ஆனால் ஈய பேட்டரியை எஞ்சின் அறையில் வைக்காதீர்கள்; சூடு பத்து டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும்.

நீருக்கடியில் கொட்டலசுதான் (ஓட்டோடு ஒட்டி வளரும் கடலுயிர்) பிரச்சினை. ஓடாமல் நிற்கிற படகில் சில வாரங்களிலேயே பாசி பிடிக்கும், அதன்மேல் கொட்டலசு குடியேறும். புரொப்பல்லர்தான் அதற்குப் பிடித்த இடம். எஞ்சின் இரைகிறது, கரும்புகை வருகிறது, படகு நகரவில்லை என்றால் கியரைக் குறை சொல்லுமுன் ஒருவரை முங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். வருஷம் ஒருமுறை கரையேற்றி, இவை ஒட்டாமல் தடுக்கும் ஆன்ட்டிஃபவுலிங் பெயின்ட் அடித்தே ஆக வேண்டும். பழைய ஆட்கள் ‘அந்தக் காலத்துப் பெயின்ட் மூன்று வருஷம் தாங்கும்’ என்பார்கள். உண்மைதான், அதில் டிபிடி என்ற தகரச் சேர்மம் இருந்தது. சிப்பி நத்தைகளையே சீரழித்ததால் 2001இல் சர்வதேச ஒப்பந்தம் போட்டு, அது 2008இல் நடைமுறைக்கு வந்தபின் அதற்குத் தடை. இப்போது கிடைப்பது பெரும்பாலும் செம்பு. அலுமினியப் பாகம் எதன்மேலும் செம்புப் பெயின்ட் படக்கூடாது, அலுமினியத்தை அது தின்றுவிடும். புரொப்பல்லர் தண்டில் மாட்டியிருக்கும் துத்தநாக ஆனோட் (தான் கரைந்து மற்ற உலோகத்தைக் காக்கும் கட்டி) பாதி கரைந்ததும் மாற்றுங்கள். அதன்மேல் யாரும் பெயின்ட் அடித்துவிடாமல் பக்கத்திலேயே நில்லுங்கள். பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

கரையேற்றும்போது அடியில் சின்னச் சின்னக் கொப்புளம் தெரியலாம். உடைத்தால் வினிகர் வாடை வரும். அந்த வயதுப் படகில் அது நரைமுடி மாதிரி. அடி முழுவதையும் உரித்துக் காயவைக்கலாம் என்று யாராவது பெரிய தொகை சொன்னால் அவசரப்படாதீர்கள். நம் ஈரக்காற்றில் படகின் உடல் காய மாதக்கணக்காகும். பெரிய கொப்புளங்களை மட்டும் திறந்து, கழுவி, காயவைத்து எபாக்சி வைத்தால் போதும்.

எஞ்சின். உங்களுடையது நேரே கடல்நீரையே உள்ளே சுற்றவிட்டுக் குளிர்கிற ரகம் என்றால், எஞ்சின் பக்கவாட்டில் ஒரு சிறு மூடிக்குள் இன்னொரு ஆனோட் இருக்கும். அதை மறந்தவர்கள்தான் அதிகம். கிளப்பிய கையோடு பின்னால் எட்டிப் பார்த்து, புகைக்குழாயில் நீர் துப்புகிறதா என்று பார்ப்பது மூவருக்கும் பழக்கமாக வேண்டும். குளிர்நீரை இறைக்கும் இதழ்ச் சக்கரமான இம்பெல்லர் ரப்பர், வருஷம் ஒன்று மாற்றுங்கள், கையிருப்பில் ஒன்று வையுங்கள். கழற்றும்போது இதழ்களை எண்ணுங்கள். ஒருமுறை நான் கூலி கொடுத்து மாற்றினேன். மாற்றியவர் உடைந்து போன இரண்டு இதழைத் தேடவில்லை. அவை உள்ளே போய்க் குளிர்நீர் வழியை அடைத்துக்கொண்டன. உபின் தீவுக்கு எதிரே எஞ்சின் கொதித்து நின்றது. அன்றிலிருந்து அந்த வேலை என்னுடையது. நான்கு திருகு, இருபது நிமிடம்.

டீசலில் நீர் சேர்ந்தால் அதில் நுண்ணுயிர் வளரும், நம் சூட்டில் நன்றாகவே வளரும். கறுப்புக் கொழகொழப்பாக ஃபில்டரை அடைக்கும். டாங்கியை எப்போதும் நிறைத்து வைத்தால் உள்ளே காற்று குறைவு, ஈரம் படிவதும் குறைவு. ஃபில்டரின் கண்ணாடிக் கிண்ணத்தில் அடியில் நீர் தெரிகிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். இருபது நிமிடம் நன்றாக ஓடி, பிறகு மூச்சடைத்து நின்று, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கிளம்பினால் டாங்கியின் காற்றுத் துளையைப் பாருங்கள். எனக்கு அதில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. டீசல் போகப் போகக் காற்று உள்ளே வர வழியில்லை.

பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளுக்கு வயது தெரியுமா? விற்றவருக்கும் தெரியாது என்றால் புதிது போட வேண்டிய வயது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பத்துப் பதினைந்து வருஷம்தான் பொதுவான கணக்கு. ஸ்டெயின்லெஸ் என்று பெயர் இருந்தாலும், காற்றுப் படாத இடுக்கில் உப்புநீர் தேங்கினால் அது உள்ளுக்குள் அரித்துப் பிளக்கும். கம்பியின் கீழ்முனை உருளைக்குள் மழைநீர் வழிந்து இறங்குவதால் வெப்பநாட்டில் பெரும்பாலும் கீழ்முனைதான் முதலில் போகும். பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். மயிரிழை விரிசல், துருக்கோடு, ஒற்றை இழை விட்டுப்போய் நீட்டிக்கொண்டிருப்பது, மூன்றில் எது இருந்தாலும் பாய் ஏற்ற வேண்டாம். இதை நிபுணரிடம் விடுங்கள். இந்த ஒன்றில் காசு பார்க்காதீர்கள். சுமத்ரா புயற்காற்று விடியலுக்கு முன்னோ காலையிலோ மேற்கிலிருந்து வரும். வானம் கறுத்து இருபது நிமிடத்தில் அடித்துவிடும். அதே காற்றில் மிதவைக் கயிறு அணியத்தில் (படகின் முன்முனையில்) உராய்ந்து அறுந்த படகுகளும் உண்டு. உராயும் இடத்தில் பழைய தண்ணீர்க் குழாயைக் கீறி உறை போடுங்கள், அதற்கு இரண்டாவது கயிறு ஒன்றும் துணையாக இருக்கட்டும்.

புதுப் பாய் வாங்குமுன் பழைய பாயின் தையலை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். பெரும்பாலும் துணி நன்றாயிருக்கும், வெயிலில் நூல்தான் உளுத்திருக்கும். மறுதையல் போட்டால் இன்னும் சில வருஷம் ஓடும். மிச்சக் காசில் பூம்மேல் (பாயின் அடியைப் பிடிக்கும் கிடைக்கம்பு) போடும் உறையைப் புதிதாகத் தைத்துக்கொள்ளுங்கள்.

கேபின் பெயின்ட்டைவிடக் காற்றோட்டம் அவசரம். மூடிய கேபினில் பூஞ்சை பதினைந்து நாளில் மெத்தையை வெள்ளையாக்கும். நீர் புகாமல் காற்று புகும் மூடி இரண்டு, முன்னால் ஒன்று பின்னால் ஒன்று, வைத்தால் வாடை பாதி போய்விடும். மெத்தைகளை நிமிர்த்தி வைத்துவிட்டு வாருங்கள். அட்டைப்பெட்டி எதையும் உள்ளே ஏற்றாதீர்கள், கரப்பான் முட்டை அதோடுதான் வரும். நான் செய்த சின்ன வேலைகளில் எல்லாரும் கொண்டாடியது பூமுக்கு மேலே கட்டிய வெள்ளைத் துணிப் பந்தல். மதியத்தில் கேபினுக்குள் உட்கார முடிந்தது, மழையிலும் மேல்மூடியைத் திறந்து வைக்க முடிந்தது. தைக்க ஒரு சனிக்கிழமை.

தேக்குக்கு எண்ணெய் வேண்டாம். நம் ஊரில் எண்ணெய் போட்ட தேக்கு மழைக்காலத்தில் கறுத்துப் பூஞ்சை பிடிக்கும். மென்மையான பிரஷ், கடல்நீர், மர வரிக்குக் குறுக்காகத் தேய்த்தால் போதும். சாம்பல் நிறமாவது இயல்பு. உயரழுத்த நீர் பீய்ச்சும் இயந்திரத்தைக் காட்டவே காட்டாதீர்கள். கேபினில் பித்தளை விளக்கு இருந்தால் அதற்கு விலையுயர்ந்த பாலிஷ் எல்லாம் எதற்கு, வீட்டில் குத்துவிளக்குக்குப் போடுகிற புளி போதும்.

ஸ்பீக்கர் தாராளமாக வையுங்கள். ஆனால் சுவரில் பதிக்கிற ரகம் வேண்டாம், மேசைமேல் வைக்கிற புளூடூத் ஒன்று வாங்குங்கள். அந்தப் படகில் இருக்கிற ஓட்டைகளை அடைத்து முடிக்கவே உங்களுக்கு ஒரு வருஷம் ஆகும்.